ஒன்பதாவது சுற்று

…இல்லை, எட்டாவது சுற்று வரைக்கும்தான் ரோவீனா, ஒன்பதிலிருந்து வேறு கை, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலே தெரிகிறதே, பெற்ற மகளின் தையல் தெரியாமல் போகுமா… கலைக்கூடத்துச் சிமென்ட் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நோரீன், ஊசியால் சுற்றுச் சுற்றாகத் தைத்த அந்தத் தாழைநார்க் கூடையை மடியில் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தாள். ரோவீனா டயாலிசிஸுக்காகத் தங்கியிருக்கும் டார்வின் நகரத்திலிருந்து காலை விமானத்தில் வந்த கூடை. "நான் நல்லாத்தாம்மா இருக்கேன், நீ கிளம்பி வந்துடாத, கூடையெல்லாம் பின்றேன், அனுப்புறேன் பாரு" என்று போன வாரம் போனில் சொன்னாளே, அதற்கு அத்தாட்சி. டயாலிசிஸ் ஊசி ஏறுகிற கையில் விரல் மரத்துப்போகிறது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள், நான் ஏன் விட்டேன், ஏன் பிடித்துவைத்துக் கேட்கவில்லை? ஐந்தாவது சுற்றில் இழுப்புத் தளர்ந்திருக்கிறது, ஏழில் ஊசி இரண்டு இடத்தில் தவறிக் குத்தியிருக்கிறது, எட்டோடு சரி, அதற்கு மேல் எட்னா. நோரீனின் தங்கை, ரோவீனாவுக்கு இன்னொரு அம்மா, அங்கே கூடவே இருந்து பார்த்துக்கொள்பவள். பிறவியிலேயே இடது கைக்காரி, அவள் கூடையெல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றும். மகள் போன பக்கமே போக வேண்டுமென்று பழகாத வலது கையில் ஊசியைப் பிடித்து மல்லுக்கட்டியிருக்கிறாள், பாவி, ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு திக்கில்.

"என்ன மதினி, அதையே மொறைச்சுக்கிட்டு இருக்க," என்றாள் எதிரே சாயக் குண்டானைக் கிண்டிக்கொண்டிருந்த மெர்டில். "டவுனுக்குப் போனதும் உம் பொண்ணுக்குக் கை தளந்துபோச்சு. எனக்கு மருமகளா வந்திருந்தா இறுக்கித் தைக்க வச்சிருப்பேன்." கேலிக்கு முறையுள்ளவள், பேசத்தான் செய்வாள், வேறு நாளாக இருந்தால் நோரீனும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள், இன்றைக்குக் கூடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்… இவளுக்கும் தெரிந்துவிட்டதோ? பதிவு பார்க்கும் வெள்ளைக்காரப் பெண் பீயா கணினியிலிருந்து தலையைத் திருப்பி, கூடையில் கட்டும் சீட்டில், பின்னியவர் என்று யார் பேர் போடட்டும் என்று கேட்டாள். ரோவீனா பேரே போடு என்றாள் நோரீன், பொய்யா அது, எட்டுச் சுற்று அவளுடையதுதானே… இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கப் பார்த்தார்களே என்று எட்னா மேல் கோபம் பொங்கியது, கோபத்துக்கு அடியில் பயம், ஒரு ஊசியைக்கூடப் பிடிக்க முடியாத அளவுக்கா ஆகிவிட்டாள்?

போன் அடித்தது. ரோவீனாதான்.

"கூடை வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். இறுக்கமா, நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் எங்கோ மெஷின் ஒன்று விட்டு விட்டுக் கூவியது.

"அவ்ளோதானா?" என்றாள் ரோவீனா.

அந்தக் குரலில் நிம்மதி இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது… மறைக்க நினைத்தவள் அந்தத் தளர்ந்த சுற்றுகளைப் பிரித்துப் போட்டிருக்க மாட்டாளா, பிரிக்க எவ்வளவு நேரமாகும், அதுவும் தையலைப் பார்த்தே ஆளைச் சொல்கிற என்னிடமா அனுப்புவாள், வராதே என்று வாயால் சொல்லிவிட்டு, வா என்று கூடையில் சொல்லியிருக்கிறாளோ… "அம்மா, லைன்ல இருக்கியா?" என்றாள் மகள். "இருக்கேன்" என்றாள் நோரீன், விரல் ஒன்பதாவது சுற்று தொடங்குகிற இடத்தில் போய் நின்றது.