முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமையிலிருந்து வந்தது. எனக்குத் தெரிந்த ஒருத்தி நல்ல கதை ஒன்று எழுதிவிட்டாள். படித்து முடித்ததும் வயிற்றில் ஏதோ காரமாகப் புரண்டது. காலையில் தின்ற பஜ்ஜியாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் புரண்டது. பஜ்ஜி இரண்டு நாள் நிற்காது.

அதனால் எழுத உட்கார்ந்தேன். ‘நான்’ என்று எழுதினால் இரக்கம் கேட்பதுபோல் இருக்கும். ஓர் ஆளை உண்டாக்கினேன். பெயர் அறிவு. வயது முப்பத்து நான்கு. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறை. தரமணியில் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்த்தான். நாவல் எழுதப்போகிறேன் என்று சொல்லி வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நாவல் பதினோரு பக்கத்தில் நிற்கிறது.

(பதினோரு பக்கம் அவனுடையது. என்னுடையது ஒன்பது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘பாலைவனத்துக் குன்றுகளின் சரிவில் வெயில் இறங்கி’ — அங்கே அறிவும் போனதில்லை, நானும் போனதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘ஜொவிட்டா சிரிக்கும்போது’ — ஜொவிட்டா என்றால், நல்ல கதை எழுதிய அந்த ஒருத்தி. இதை முடித்தால் வேறு கதையாகிவிடும்.

மூன்றாவது, வேலையிலிருந்து. இதுதான் நின்றது.

அமெரிக்கப் பாலைவனம் ஒன்றில் மண் ஆய்வு செய்தவர்கள் ஊர் ஊராகக் குழி தோண்டி, ஒவ்வொரு அடுக்கையும் அளந்து, கையால் தாளில் எழுதிவைத்திருந்தார்கள். எல்லாம் நாற்பது, ஐம்பது வருடத்துத் தாள்கள். அவற்றின் படங்கள் தரமணிக்கு வரும். ஜொவிட்டா மாதிரி ஆட்கள் பார்த்துத் தட்டச்சு செய்வார்கள். அறிவு மாதிரி ஆட்கள் சரிபார்த்து, தப்பைத் திருத்தி, ஓகே போடுவார்கள்.

கிரானைட் பாறைமேல் உண்டாகும் பாலைவன மண் கஞ்சமானது. மேலே சரளை. அதற்கடியில் நாலு விரல் பழுப்பு மணல். அப்புறம் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் களி, கற்களின் அடிவயிற்றில் சுண்ணாம்புப் பூச்சு. ஒரு முழம் இறங்குவதற்குள் பாறை வந்துவிடும். மக்கிய இலைதழை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வருடத்துக்கு இருபது சென்டிமீட்டர் மழை. அதையும் பிடித்துவைக்கத் தெரியாமல் ஓடவிட்டுவிடும். மயிலாப்பூரில் ஒரு டிசம்பர் நாளில் அதைவிட அதிகம் தேங்குகிறது.

சிக்கல் எல்லாம் மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் அடுக்கில்தான். அங்கே கிரானைட் இற்றுப்போயிருக்கும். மண்வெட்டி போட்டால் வெட்டுப்படும். கையில் எடுத்தால் கற்கண்டுத் தூள்போல உதிரும். பார்த்தால் மண்தான். ஆனால் ஒவ்வொரு மணியும் பாறையில் இருந்த இடத்திலேயே அசையாமல் அடுக்கியிருக்கும். வேர் அதற்குள் நுழையாது. எங்காவது விரிசல் இருந்தால் அதன் வழியாக மட்டும் இறங்கும். ஆகவே அந்த அடுக்கை மண்ணின் ஆழத்தில் கூட்டக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் விதி இது. புதிதாக வந்த எல்லோரும் செய்யும் தப்பும் இதுதான்: மண்வெட்டி இறங்கின ஆழத்தையெல்லாம் மண் என்று கூட்டிவிடுவார்கள்.*

அறிவு ஓகே போட்ட தாள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நாவல் வரவில்லை, கல்யாணம் வரவில்லை, இந்த ஒன்று இருந்தது. யாராவது கேட்டால் சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான்.

* இந்த அடுக்கை உவமையாக்கக் கை அரிக்கிறது. ‘பொறாமைக்காரன் மனசும் இப்படித்தான், பார்க்க மண்போல’ — இல்லை. மண் மண்ணாகவே இருக்கட்டும்.

3

வேலையை விடப்போவதாக அறிவு முதலில் சொன்னது தரமணி ஸ்டேஷன் எதிரே டீக்கடை போட்டிருந்த முருகையனிடம். ஷிப்ட் முடிந்த காலை. ஆபீஸ் பஸ் இன்னும் கிளம்பவில்லை.

“இன்னா நைனா, மாசக் கடைசில வேலய வுடப் போறியா?”

“ஆமாண்ணே. எழுதப் போறேன்.”

“எழுதுறதுக்கு எதுக்கு வேலய வுடணும்? அந்தப் பொண்ணு பஸ்ல குந்திக்கினே எழுதிக்கினுதான் கீது.”

“எந்தப் பொண்ணு?”

“அதான், சாந்தோம் பொண்ணு. உனக்குத் தெரியாதா? நீ தூங்கிக்கினு இருப்ப.”

அறிவு திரும்பிப் பார்த்தான். பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலில் ஜொவிட்டா. மடியில் நோட்டு. தலை நிமிரவில்லை. மூன்று வருடம் அதே பஸ்ஸில் அவளுக்கு இரண்டு சீட் பின்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறான்.

அந்த வாரம் முழுக்க அவள் தட்டச்சு செய்த தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தான். தப்பு கிடைக்குமா என்று பார்த்தான். கிடைத்தால் திருத்தினான்.

(முதல் பிரதியில் அவளைத் திருடியாக்கியிருந்தேன். அறிவு பஸ்ஸில் சொன்ன கதையை அவள் எடுத்துக்கொண்டாள் என்று இரண்டு பக்கம். கையெழுத்துகூட அழகாக வந்திருந்தது. ஆனால் தூங்குகிறவன் என்ன கதை சொல்லியிருப்பான்? கிழித்துவிட்டேன்.)

4

இப்போது நிகழ்காலம். போன திங்கட்கிழமை, லஸ் பக்கத்தில் ஒரு காபிக்கடை, பகல் பதினொரு மணி. ஜொவிட்டாவின் முதல் புத்தகம் வரப்போகிறது. தி.நகரில் ஜவுளிக்கடை மாடியில் பதிப்பகம் நடத்தும் ராஜரத்தினம் போடுகிறார். அச்சுக்குப் போகும் முன் கடைசியாகத் திருத்தும் பிரதி, நூற்று நாற்பது தாள், ஒரு ரப்பர் பேண்டில்.

“நீதான் பாக்கணும். வேற யாரு பாத்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.”

“ஏன், உங்கப்பா வாத்தியார்தானே?”

“காஸ்பர் சாரா? அவர் எல்லா பக்கத்துலயும் ‘குட்’ போட்டுக் குடுத்துட்டாரு. எனக்கு ‘குட்’ வேணாம்டா. உன் கண்ணு வேணும். மூணு வருஷம் உங்கிட்டேர்ந்து ஒண்ணு தப்பிச்சிருக்கா?”

“இல்ல.”

“அப்புறம்? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். அஞ்சு மணிக்கு பிரஸ்ஸுக்குப் போயிடும்.”

“வெளியீட்டுக்கு யார் பேசுறாங்க?”

“ராஜரத்தினம் சார் ஒரு ரிடையர்டு புரொபசரைப் புடிச்சிருக்காரு. மண்ணியல். பாலைவன மண்ணைப் பத்தித் தமிழ்ல ஒரு பொண்ணு எழுதிருக்கான்னதும் ஆடிப்போய்ட்டாராம்.” காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “உன் நாவல் எந்த அளவுல இருக்கு?”

“போய்ட்டிருக்கு.”

“நல்லா வரும்டா. நீ அவசரப்படாத.”

அவள் அதை உண்மையாகச் சொன்னாள். அறிவுக்கு அதுதான் தாங்கவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான்.

5

செவ்வாயும் புதனும் கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தான். பென்சில் வேலையே இல்லை. நாலு கமா, ஒரு ஒற்று. எண்பத்தெட்டாம் பக்கத்தில் முடியும் கதைக்கு வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

கதை இவ்வளவுதான். பாலைவனத்தில் மண் ஆய்வுக்கு வந்த ஒரு பெண், தோண்டிய குழியை மூடாமல், அதில் ஓர் எலுமிச்சங்கன்றை நட்டுவிட்டுப் போகிறாள். பல வருடம் கழித்து வந்து பார்க்கிறாள். மரம் நிற்கிறது. கடைசி வரி: ‘வேருக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் போதும்.’ ராஜரத்தினம் அந்த வரியைத்தான் பின்னட்டையில் போடப்போகிறார்.

நல்ல கதை. சுத்தமான கதை. நான் — அறிவு — எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

திரும்ப வந்து, அவள் குழியை விவரித்திருந்த பத்தியைப் படித்தான். ‘மேலே ஐந்து சென்டிமீட்டர் சரளையும் மணலும். அதன் கீழே இருபத்தைந்து, சிவந்தது. அதன் கீழே அறுபது, கையில் உதிர்வது. ஆனால் ஒவ்வொரு மணியும் தன் இடத்தை விட்டு அசையாதது.’

கீழே இருக்கும் அறுபது மண் இல்லை. இற்ற பாறை. இந்த மண்ணின் ஆழம் முப்பது. அந்தக் கன்று இரண்டாவது கோடையைத் தாண்டாது.

சந்தோஷம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. நூலகத்தில் எதிரே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு வந்தது. வராந்தாவுக்கு வந்து ஜொவிட்டாவைக் கூப்பிட்டான்.

“அந்தக் குழி, எந்தத் தாள்லேர்ந்து எடுத்த?”

“நானூத்திப் பதினேழு. மறந்துட்டியா? நீ வேலைய வுடறதுக்கு முந்தின வாரம்.”

“நான் எப்படி ஞாபகம் வச்சிருப்பேன்?”

“நான் முப்பதுன்னுதான் அடிச்சேன். நீதான் தொண்ணூறுன்னு மாத்தி ஓகே போட்ட.”

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“அன்னிக்குதான் எனக்கு இந்தக் கதையே தோணுச்சு,” என்றாள். “முப்பதுன்னா அங்க ஒண்ணும் நிக்காது. நீ தொண்ணூறுன்னதும், அட, ஒரு மரம் நிக்குமேன்னு. முன்னுரைல உன் பேர் போட்டிருக்கேன், பாத்தியா? ஏன், எதாவது தப்பா?”

“இல்ல,” என்றான் அறிவு. “ஒரு கமா.”

6

முடிவுகள்.

அ. அறிவு வாயை மூடிக்கொள்கிறான். வெளியீட்டில் மண்ணியல் பேராசிரியர் மைக்கைப் பிடித்து, கோபமே இல்லாமல், சிரித்தபடி விளக்குகிறார்: அம்மா, அது மண் இல்லை. மேடையில் ஜொவிட்டா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது வரிசையில் அறிவு. இதை ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதினேன். இரண்டு வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல நாலு பக்கம். அதனால்தான் இங்கே சேர்க்கவில்லை.

ஆ. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக் கொடுத்துவிடுகிறான். கோழை முடிவு. என் குணத்துக்கு மிகவும் பொருந்துகிறது.

இ. சொல்லிவிடுகிறான். நான்தான் தப்பு செய்தேன், அந்த வாரம் உன் தாள்களில் தப்பு தேடிக்கொண்டிருந்தேன், சரியாக இருந்ததைக் கெடுத்தேன் என்கிறான். அவள் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். பிறகு, “சரி, பென்சிலக் குடு” என்கிறாள். தொண்ணூறை முப்பதாக்குகிறாள். மரத்தை மட்டும் விடுவதில்லை. கீழே பாறைக்குள் விரிசல்கள் உண்டு என்பது அவளுக்கும் தெரியும். கடைசி வரியை மாற்றுகிறாள்: ‘வேருக்கு ஒரு விரிசல் போதும்.’

இந்த மூன்றாவது முடிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். பழைய வரியைவிட அது நல்ல வரி. அவள் கதை இன்னும் நல்ல கதையாகிவிடும். நானே உட்கார்ந்து, என் பென்சிலால், அதை நல்ல கதையாக்கிக் கொடுக்க வேண்டும். என் தப்பிலிருந்து பழைய வரியை எடுத்துக்கொண்டாள். இப்போது என் வாயிலிருந்து புதிய வரியையும் வாங்கிக்கொண்டு போவாளா? அந்த வரியை என் பத்தாவது பக்கத்தில் வைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

(‘என்’, ‘நானே’ என்று எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை. அறிவு என்று ஒருவன் இல்லை என்பது முதல் பகுதியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டிருக்கும். ஜொவிட்டா இருக்கிறாள், வேறு பெயரில். நானூற்றுப் பதினேழும் இருக்கிறது, வேறு எண்ணில்.)

7

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்று ஐம்பது. மேன்ஷனுக்குக் கீழே ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் வருகிறவள். போனில் அவள் செய்தி: ‘கீழ நிக்கறேன். மேல வரட்டுமா, நீ எறங்கி வரியா?’

ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டேன். எண்பத்தெட்டாம் பக்கம் மேலே இருக்கிறது. கடைசி வரியில் முதல் சொல்லைத் தவிர மற்றதை ரப்பரால் அழிக்கப் பார்த்தேன். அச்சு மை, அழியவில்லை. பென்சிலால் அடித்துவிட்டேன். இதற்குமேல் கை போகவில்லை. பழையதை மறுபடி மேலே எழுதிவிடலாம். விரிசல் வரியையும் எழுதலாம். இரண்டும் உங்களுக்குத் தெரியும், அவளுக்கு ஒன்றுதான் தெரியும்.

பென்சிலை உங்கள் பக்கம் வைக்கிறேன். சீக்கிரம். படியில் செருப்புச் சத்தம்.

வேருக்கு