திருப்பி ஒட்டிய கை

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை முடிந்த மறுநாள் காலை, வளையல் கடைக்காரர்கள் கடற்கரையில் பந்தல் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அஞ்சு மணலில் செல்போனை நிறுத்திவைத்து அண்ணனை நடக்கச் சொன்னாள்.

“நடக்கதுக்கும் படமா மக்கா? கத்தாரில ஒருத்தனும் என்ன நடிகன்னு சொன்னதில்ல.”

“நடிக்காண்டாம். சும்மா நட.”

சுயம்புராஜ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான். பக்கவாட்டில் ஒருமுறை. நேராக ஒருமுறை. முதுகைக் காட்டி ஒருமுறை. நடுவில், தெரிந்த வளையல்காரன் ஒருவனைப் பார்த்து வலது கையைத் தூக்கி ஆட்டினான்.

அஞ்சு தக்கலையில் வீட்டிலிருந்தபடியே திருவனந்தபுரம் ஸ்டுடியோ ஒன்றுக்கு அனிமேஷன் செய்கிறாள். இப்போதைய வேலை, மணலில் நடந்துவரும் ஒரு மீனவன். முதலில் அனுப்பிய நடையை ஷீஜா திருப்பி அனுப்பிவிட்டாள். ஷீஜா மார்த்தாண்டத்துக்காரி. இவளுடைய வேலையை மேற்பார்வை பார்ப்பவள்.

“எலும்பெல்லாம் செரியா இருக்கு. ஆளைத்தான் காணல்ல,” என்றாள்.

காரணம் அஞ்சுவுக்குத் தெரியும். இடது பக்க நடையைச் செய்து, அதையே கண்ணாடியில் தெரிவதுபோல் வலது பக்கத்துக்குத் திருப்பி ஒட்டியிருந்தாள். எல்லோரும் செய்வதுதான். பாதி வேலை மிச்சம். இந்த முறை இரண்டு பக்கத்தையும் வீடியோவைப் பார்த்தே செய்ய வேண்டும்.

மதியம் வீடியோவோடு கணினி முன் உட்கார்ந்தாள்.

நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்பும். நெஞ்சுக்கூடு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சறுக்கும். கை அதைத் தொடர்ந்து போய்வரும். இந்த வரிசை தெரியாமல் கையை மட்டும் ஆட்டினால் பொம்மை பொம்மையாகவே நிற்கும்.

வீடியோவில் அண்ணனின் இடது கை போய்வந்தது. வலது கை வரவில்லை. முழங்கை லேசாக மடிந்து, மணிக்கட்டு தொடையோடு நின்றது.

முதலில் தோளைச் சந்தேகப்பட்டாள். ஏதாவது பழைய அடியாக இருக்கும். வளையல்காரனுக்குக் கை காட்டும் இடத்தை ஓட்டிப் பார்த்தாள். தோள்பட்டை முழுதாகச் சுழன்றது. கை தலைக்கு மேல் போனது. மூட்டில் குறை எதுவும் தெரியவில்லை. நடக்கத் தொடங்கியதும் அந்தக் கை மறுபடி நின்றுபோனது.

போன வருஷம் ஓர் ஆஸ்பத்திரிக்காக, பார்க்கின்சன் நோயைப் பற்றி ஒரு விழிப்புணர்வுப் படம் செய்திருந்தாள். அங்குள்ள டாக்டர் போனில் சொன்னார்: “நடுக்கம் பிறகுதான் தெரியும். அதுக்கு முன்னாலேயே சிலருக்கு ஒரு பக்கத்துக் கை வீச்சு குறையும். அதைக் காட்டுங்க.” காட்டியிருந்தாள். இதே கை.

பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தாள். போன விடுமுறையில் அண்ணன் வந்திருந்தபோது பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் ஓரமாக நடந்தது. அதையும் ஒரு தொடருக்குப் பயன்படுத்தியிருந்தாள். இடது பக்கத்தை மட்டும். வலது பக்கத்தை அன்று பார்க்கவே இல்லை.

இப்போது பார்த்தாள். அன்றைக்கே வலது கை பாதிதான் வந்தது.

வியாழக்கிழமை அவனுக்கு விமானம். தோஹாவில் டவர் கிரேன் ஓட்டுகிறான்.

அடுக்களையில் அவன் இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“ஒனக்க வலது கைக்கு என்ன?”

“என்ன?”

“வலிக்கா?”

“வலி ஒண்ணும் இல்ல. கிரேன் லிவரப் புடிச்சுப் புடிச்சு மரத்துப்போச்சு. காலத்த கடற்கரையில நடக்கச் சொன்ன, இப்பம் வைத்தியமா?”

“ஒரு டாக்டரப் பாத்துட்டுப் போலாம்லா.”

“பாத்தா சீட்டுல என்னத்தயாவது எழுதுவான். கம்பெனிக்குத் தெரிஞ்சா மறுநாளே பெட்டியக் கட்டச் சொல்லுவான். நம்ம வீட்டு மேல்மாடி கெட்டி முடியாம கம்பியோட நிக்கு, பாத்தல்லா?” டம்ளரை வைத்தான். “ஒண்ணும் இல்லட்டி. நான் மேல இருந்தா கொக்கிக்குக் கீழ பத்து இருவது பேரு நிப்பானுவ. இந்தக் கைய நம்பித்தான் நிக்கானுவ.”

சிரித்தான். முகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது. அவள் நோயின் பெயரைச் சொல்லவில்லை.

நடையை முடித்து அனுப்பினாள். சாயங்காலம் ஷீஜா கூப்பிட்டாள்.

“இப்பம் உயிரு வந்திருக்கு. யாரு இது?”

“அண்ணன்.”

“நல்லா நடந்திருக்காரு. அந்த வலது கைய மட்டும் பாத்தா, நாம வேலைய முடிக்காம அனுப்பினோம்னு கிளையண்ட் சொல்லுவான். இடதுகைய எடுத்துத் திருப்பி ஒட்டிரு.”

“அது அப்பிடித்தான் இருந்துது.”

“இருக்கட்டும். இது கதையில உள்ள மீனவன் தானே, ஒனக்க அண்ணன் இல்லல்லா.”

ஒட்டினாள். ஒரு நிமிட வேலை. மீனவன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு மணலில் நடந்தான். திரையில் அருகிலேயே இன்னொரு சதுரத்தில், காலை எடுத்த வீடியோவில், அண்ணன் நடந்தான். இரண்டும் முடிந்து முடிந்து மறுபடி தொடங்கின. அவள் அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி கட்டக் கயிறு கேட்டு வந்த சுயம்புராஜ் அவள் பின்னால் நின்றான். இரண்டு நடையையும் மாறிமாறிப் பார்த்தான்.

பிறகு கதவிலிருந்து ஜன்னல் வரை நடந்தான். குனிந்து வலது கையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தான்.

“ஏட்டி, அந்தக் கைய எதுக்கு மாத்துன?”