மருமகனின் உருள்பதிப்பு

மனித குலத்தின் வரலாறு என்பது நிலைத்து நிற்பவர்களுக்கும் உருண்டோடுகிறவர்களுக்கும் இடையிலான ஓயாத போராட்டமே என்று கிழக்கிலங்கை லினக்ஸ் பேரவையின் ஸ்தாபகத் தலைவர் ஜனாப் மர்சூக் தமது ஆண்டுப் பேருரையில் பிரகடனம் செய்தார். சபையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி தேத்தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி நதீரா. மற்றவர் காரைதீவுக் கோகிலன். பேரவையின் செயலாளர், பொருளாளர், எஞ்சிய உறுப்பினர்கள் எல்லாம் அவரே.

பேரவையின் தலைமையகம் கல்முனைக்குடியில் மாமியார் வீட்டு முன்னறை. மருதமுனையிலிருந்து பெண் வீட்டுக்குக் குடிவந்த மர்சூக்குக்கு அங்கே ஆட்சி செலுத்தக் கிடைத்தது, சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்துப்போன கம்பியூட்டர் ஒன்றுதான். அதை இயக்கும் மென்பொருளாக நிலைப்பதிப்பு லினக்ஸ் போட்டிருந்தான். அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் புதிதாகும். நடுவில் ஓட்டை அடைப்பு மட்டும்.

"தலைவர், கோவிக்காதீங்க" என்றான் கோகிலன், உரை முடிந்ததும். "நீங்க தின்னுறது ரெண்டு வருசத்துப் பழஞ்சோறு. நான் உருள்பதிப்புக்கு மாறிட்டன். ஒவ்வொரு நாளும் சுடச்சுட வருது."

"பழஞ்சோறு வயித்தக் கெடுக்காது" என்றான் மர்சூக். சொன்னானே தவிர, கோகிலனின் சைக்கிள் முடுக்குத் திரும்புமுன் கம்பியூட்டரில் ஒரு கோப்பைத் திறந்து, பதிப்பின் பெயராக இருந்த ஒரேயொரு சொல்லை மாற்றினான். அவ்வளவுதான் மாற்றம். மிச்சமெல்லாம் இரண்டு நாளாக இன்டர்நெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மூன்றாம் நாள் பள்ளிவாசல் வாசலில் நின்று, "நான் மாறிட்டன்" என்று அறிவித்தான். நாட்டில் சண்டை முடிந்து மூன்று மாதம். வென்ற பக்கத்துக்கு ஆட்கள் தாவிக்கொண்டிருந்த காலம். "எந்தக் கட்சிக்கி?" என்று கேட்டார்கள்.

மாமி மைமூனாவுக்கு எந்தப் பதிப்பும் ஒன்றுதான். கட்டாரில் இருக்கும் மகன் சிப்லி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கம்பியூட்டரில் முகம் காட்டிக் கதைப்பான். போன வெள்ளி கதைக்கும்போது இருமினான். அந்த இருமலை அவள் கிழமை முழுக்க நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கிற வழக்கம் அவளுக்கில்லை. அறைவாசல் திரைக்குப் பின்னால் இருந்து, இடுக்கு வழியாகப் பார்ப்பாள். மூன்று முழத் தூரத்தில் இருக்கிற மர்சூக்குக்குப் போகவேண்டிய சொல்லும் நதீராவைச் சுற்றித்தான் போகும்.

மாறியபின் முதல் வெள்ளி, சிப்லி கம்பியூட்டரில் வந்தான். கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்தான், மூடினான். சத்தமில்லை. பிறகு கையை வாயில் வைத்தான்.

"மகள், இருமுறானா, கொட்டாவி உடுறானா?"

"தெரியல்ல உம்மா. சத்தம் வருதில்ல. எழுதிக் கேக்கட்டா?"

"எழுத்துல இருமல் கேக்குமா புள்ள?"

"அப்ப போன்ல எடுப்பம்."

"மருமகன் முன்னுக்கு இரிக்கக்குள்ள போன் எடுத்தா அவருட மதிப்பென்ன? அவரு பாப்பாரு."

மதிப்பு என்ற சொல் மர்சூக்கின் முதுகில் வேர்வையாக இறங்கியது. "உருள்பதிப்பெண்டா இப்பிடித்தான், நதீரா. நாளைக்கே நிலைப்பதிப்புக்குத் திரும்புறன்" என்றான், திரைக்கும் கேட்கும்படி.

மாற்றிய சொல்லைப் பழையபடி மாற்றினான். இருப்பதெல்லாம் அதைவிடப் புதியது, செய்ய ஒன்றுமில்லை என்றது கம்பியூட்டர். கோகிலனைக் கேட்டான்.

"ஏறத்தான் படி இருக்கு, தலைவர். இறங்கிறதெண்டா குதிக்கத்தான் வேணும்."

குதித்தான். எல்லாவற்றையும் அழித்து, சீடியைக் கொண்டு நிலைப்பதிப்பை முதலிலிருந்து போட்டான். மூன்று நாள் போனது. ஆண்டுப் பேருரையைப் பிரதியெடுக்க மறந்துவிட்டான். இன்றுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி. நிலைப்பதிப்பு நிலையாக நின்றது. சிப்லி வந்தான், வாயைத் திறந்தான், மூடினான். சத்தமில்லை. இந்தமுறை கை நெஞ்சுக்குப் போனது. மர்சூக் எதையெதையோ தட்டினான். பழி சொல்ல இனிப் பதிப்பு ஒன்றும் மிச்சமில்லை.

திரை மெல்ல அசைந்தது.

"மகள், மருமகன் கோவிக்கமாட்டாரெண்டா ஒண்டு செல்லட்டா?"

"செல்லுங்க உம்மா."

"பெட்டிக்குப் பின்னால பச்ச வயர் ரோஸ் ஓட்டைக்குள்ள கெடக்கு. ரோஸ் வயர் பச்ச ஓட்டைக்குள்ள."

நதீரா குனிந்து பார்த்தாள். "ஓம் உம்மா. ஸ்பீக்கர்ர வயரும் மைக்குட வயரும் மாறித்தான் கெடக்கு. இத எப்ப கண்டீங்க?"

"போன கிழமை வியாழன், அறையக் கூட்டக்குள்ள. மருமகன் படிச்ச ஆள். உருள்ற சாமானுக்கு அப்பிடித்தானாக்கும் எண்டு உட்டுட்டன்."

நதீரா இரண்டு வயரையும் இடம் மாற்றினாள்.

"உம்மா, இப்பயாவது கேக்குதா?" என்றான் சிப்லி கட்டாரிலிருந்து. பிறகு இருமினான், வறட்டு இருமல், ஒன்றே ஒன்று.

"அல்ஹம்துலில்லாஹ்! கொறஞ்சிரிக்கி" என்றது திரை.

புதிய பதிப்புக்கு அழுக்குப் பெட்டி ஆகாதென்று, மாறிய கையோடு கம்பியூட்டரைக் கழற்றித் துடைத்து வயர்களைத் திரும்பச் செருகியவன் மர்சூக்.