செம்பியாதனுக்கு எட்டு மதிப்பெண்

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள் திருத்தும் முகாமில், யாருடைய பாத்திரப் படைப்பைத் திருத்துகிறோமோ அவர் நம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். திருத்திய ஒவ்வொரு விடைக்கும் கீழே அவர் கையெழுத்துப் போடுவார். மதிப்பெண் பெற்ற குணம் அன்றிலிருந்து அவரிடம் நிலைக்கும். இரண்டு விடைகள் முரண்பட்டால் முகாமில் கடைசியாகத் திருத்தியதே செல்லும். இது நடைமுறைக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.

இந்த ஆண்டு எனக்கு ஒதுக்கப்பட்டவன் இளவரசன் செம்பியாதன். ‘செம்பியாதனின் பாத்திரப் படைப்பையும் நாடகத்தின் மையக்கருத்தையும் ஆராய்க’ என்பது கேள்வி. எட்டு மதிப்பெண். இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பாடநூலில் இருக்கும் நாடகம் அது. அமைச்சர் மாந்தையன் அரசரைக் கொன்றுவிடுகிறார். மகன் செம்பியாதன், பழி வாங்காமல் உறங்கமாட்டேன் என்று சூளுரைக்கிறான். அமைச்சருக்கென்று அவன் நஞ்சு கலந்து வைத்த பானகத்தை, நான்காம் அங்கத்தில் அவன் தங்கை பொற்கொடி தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடுகிறாள். ஐந்தாம் அங்கத்தில் அவன் அமைச்சரை வெட்டிவிட்டுத் தானும் சாகிறான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எல்லாரும் எழுந்து முதல் அங்கத்திலிருந்து மறுபடி தொடங்குவார்கள்.

செம்பியாதனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் வந்ததும் வாளைச் செல்போன்கள் போடும் அட்டைப்பெட்டியில் போட்டு டோக்கன் வாங்கிக்கொள்வான். ‘வீரம் மிக்கவன்’ என்று எழுதியிருந்தால் தலை குனிந்துகொண்டு கையெழுத்துப் போடுவான். அமைச்சர் மாந்தையன் பக்கத்து மேசையில் இருந்தார். அவர் ‘அல்லது’ கேள்வி. மதியம் இருவரும் சைக்கிள் கொட்டகை நிழலில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அமைச்சர் தன் டப்பாவில் இருந்த உருளைக்கிழங்கில் பாதியை அவனுக்குத் தள்ளிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். பொற்கொடியைப் பற்றி எந்த ஆண்டும் கேள்வி வந்ததில்லை. அதனால் அவள் முகாமுக்கு வந்ததில்லை.

எங்கள் முதன்மைத் தேர்வாளர் சூசைராஜ் ஐயாவுக்கு ழகரம் உயிர். அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாண்டுகளுக்கு முன் யாரோ ஓர் ஆசிரியர் ‘பலி வாங்கினான்’ என்று எழுதியதற்கு இரக்கப்பட்டு மதிப்பெண் போட்டுவிட, அந்த ஆண்டு முழுவதும் செம்பியாதன் ஓர் ஆட்டுக்கிடாவை இழுத்துக்கொண்டு அலைந்தான். ஐந்தாம் அங்கத்தில் கைதட்டல் எல்லாம் ஆட்டுக்குத்தான். அதிலிருந்து ழகரம் பிசகினால் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. எனக்கும் அது சம்மதம்தான். லகரத்தையும் ளகரத்தையும் இஷ்டத்துக்கு அள்ளிப் போடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

ஐந்தாம் நாள் ஒரு கட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் நேரம் கிடைத்தது. வருஷா வருஷம் செத்துப் போவது கஷ்டமாக இல்லையா என்று செம்பியாதனிடம் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன். இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளின் பாடத்தில் இருந்ததில் அவன் பேச்சும் அவர்களுடையதாகவே ஆகியிருந்தது.

“சாவறது பழகிடுச்சும்மா. தங்கச்சி குவளையை எடுக்கறப்போ நான் திரைக்குப் பின்னாடிதான் நிக்கறேன். ‘அசையாது நிற்கிறான்’னு புத்தகத்துல போட்டிருக்கு” என்றான்.

அன்று மதியம் என் டப்பாவை அப்படியே அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

கடைசி நாள் மாலை நாலரை மணிக்குக் கடைசிக் கட்டின் கடைசித் தாள் என்னிடம் இருந்தது. மற்ற மேசைகளில் எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். குண்டு குண்டான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. விடை இப்படித் தொடங்கியது: ‘செம்பியாதன் சிறந்த வீரன். தன் தந்தையைக் கொன்ற அமைச்சரிடம் பழம் வாங்குவதே அவன் வாழ்வின் குறிக்கோள். பழம் வாங்காமல் உறங்கமாட்டேன் எனச் சூளுரைத்தான்.’

எழுத்துப்பிழை என்று நினைத்து மேலே படித்தேன். பிழை என்று சொல்ல இடமே இல்லாதபடி கடைசி வரை பழம்தான். பழம் வாங்கத் துடித்தான், பழம் வாங்கத் தயங்கினான், இறுதியில் அமைச்சரை நேருக்கு நேர் சந்தித்துப் பழம் வாங்கினான். மையக்கருத்தும் இருந்தது: ‘பழம் வாங்கும் எண்ணம் ஒருவனைக் கடைசி வரை தூங்கவிடாது என்பதை இந்நாடகம் உணர்த்துகிறது.’

விடைக்குறிப்பில் ‘பழி வாங்குதல்’ என்றுதான் இருந்தது. சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. இழுத்தால் ஜூன் மாதம் பொற்கொடி மறுபடி குவளையை எடுப்பாள். இழுக்காவிட்டால் எனக்கு மெமோ. பணியில் சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு மெமோ வாங்காதவள் நான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

செம்பியாதன் தாளை எட்டிப் பார்த்துப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். பிறகு மெதுவாக, “இதுல எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலைம்மா” என்றான்.

பழம் வாங்கப் போகிறவன் எதற்கு நஞ்சு கலக்க வேண்டும்? நான் எட்டுக்கு எட்டுப் போட்டேன்.

பேனாவை மூடுவதற்குள் சூசைராஜ் ஐயா வந்து தாளை எடுத்துக்கொண்டார். கடைசித் தாளை எப்போதும் அவர் பார்ப்பது வழக்கம். நின்றபடியே, விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டிப் படித்தார். பக்கத்து மேசையில் மாந்தையன் நகம் கடித்துக்கொண்டிருந்தார். செம்பியாதன் வாளுக்கு வாங்கிய டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மெமோவுக்கு எழுதவேண்டிய விளக்கத்தை மனதுக்குள் தொடங்கி, முதல் வாக்கியத்திலேயே சிக்கிக்கொண்டேன். ஐயா பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“பதினோரு எடம். பதினோரு எடத்துலயும் ழகரம் அப்படியே நிக்குதும்மா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “இந்த மாதிரி ஒரு தாளைப் பார்க்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.”

எட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தன் சுருக்கொப்பத்தை இட்டார். செம்பியாதன் கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மாந்தையன் தள்ளுவண்டி விசாரிக்க அப்போதே கிளம்பிவிட்டார். கொய்யா வைத்துக்கொள்வது நல்லதா சப்போட்டாவா என்று போகிற போக்கில் என்னைக் கேட்டார். கொய்யாதான் சீக்கிரம் அழுகாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூனில் நாடகம் நன்றாக நடந்தது. ஐந்தாம் அங்கத்தில் செம்பியாதன் வந்து ஒரு கொய்யாவை எடுத்து அழுத்திப் பார்த்தான். அழுத்தாதே தம்பி, பழம் கன்றிவிடும் என்று மாந்தையன் அதட்டினார். அதுதான் நாடகத்தின் உச்சக்கட்டம். பழத்தை வாங்கியதும் செம்பியாதன் வண்டி நிழலிலேயே துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டான். இருபத்து மூன்று ஆண்டுத் தூக்கம். எழுப்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மையக்கருத்தை மட்டும் சின்னக் குரலில் குறிப்பெடுக்கச் சொன்னேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு ஒரு பெண் வந்து வரிசையில் நின்றாள். பொற்கொடி. டி.சி. கேட்டதற்கு நான்காம் அங்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். தலைமையாசிரியை ரெஜினா அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். ‘விலகிய காரணம்’ என்ற இடத்தில் ‘நஞ்சுண்டமை’ என்று இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய், நடத்தை ‘நன்று’ என்று இருப்பதைப் பார்த்து முத்திரை வைத்தார். பிறகு கணக்கு குரூப்பா, வணிகவியலா, எது வேண்டும் என்று கேட்டார்.

பொற்கொடி யோசித்தாள். ஐந்தாம் அங்கத்தில் என்ன செய்வது என்று இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

“நாளைக்கு வந்து சொல்லட்டுமாம்மா?” என்றாள். அந்தச் சொல் அவளுக்குப் புதிது. ‘நா’வில் கொஞ்சம் தடுக்கியது.

நாளை இரண்டாம் சனி, திங்கட்கிழமை வா என்றார் ரெஜினா அம்மா.