சேர்க்காத அளவு

ஆபரேஷன் தியேட்டர் கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு வந்த நர்ஸ், "அப்பா யாருங்க? சீக்கிரம் வந்து பாத்துக்கோங்க, உள்ள கொண்டு போகணும்" என்றார். சக்கரம் வைத்த மேடை ஒன்று, அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் என் மகன். மூக்கில் குழாய், மார்பில் ஏதோ ஒட்டியிருந்தார்கள், தலையில் காதுவரை இழுத்துவிட்ட குல்லா. நான் குனிந்தேன். உச்சியிலிருந்து குதிகால்வரை என் கண் ஒரு ஓட்டம் ஓடியது. பதினாறு அங்குலம். தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, ஆகப் பதினெட்டு. அகலம் ஏழு இருந்தால் தாராளம். கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான், அளந்தது என் பிள்ளையை என்பது எனக்கு உறைத்தது. சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். "முதல் குழந்தையா? எல்லா அப்பாவும் இப்படித்தான் கண் கலங்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நல்ல மனுஷி. இப்படி ஒரு அப்பாவை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

நான் சவப்பெட்டி செய்கிறவன். யாராவது தொழில் கேட்டால் பெட்டிக்கடை என்று சொல்லிவைப்பேன். பிஸ்கட்டும் சோப்பும் விற்கிறவன் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகக் கை கொடுப்பார்கள். உண்மையைச் சொன்னால் நீட்டிய கை பாதியில் நின்றுவிடும், அதையும் பார்த்தாயிற்று. ஆரம்பத்தில் துக்க வீட்டுக்கு டேப்போடுதான் போவேன். ஒரு வீட்டில் டேப்பை இழுத்த சத்தம் கேட்டதும், அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வீறிட்ட வீறலில், டேப் என் கையை விட்டுத் தானாகச் சுருண்டு உள்ளே போனது. அன்றைக்கு விட்டதுதான். அதன் பிறகு வாசலில் நின்று ஒரே பார்வை. தலைக்கு ஒன்றும் காலுக்கு ஒன்றும் சேர்த்துக்கொள்வேன், உடம்பு பலகையில் முட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது என்பதற்காக. இத்தனை வருஷத்தில் என் கண் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தைத்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

எந்த அளவையும் நான் முதலில் சொல்வது என் மனைவியிடம். பெட்டிக்குள் போடுகிற வெள்ளைத் துணியைத் தைப்பது அவள்தான். அடியில் பஞ்சு, மேலே சாட்டின், ஓரம் முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எவ்ளோ?" என்பாள். எண்ணைச் சொல்வேன். சேர்த்த அளவைத்தான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும், மேற்கொண்டு ஒரு வார்த்தை வேண்டாம், கத்தரி ஓடத் தொடங்கிவிடும். கல்யாணமானதிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி எண்களாகத்தான் இருக்கும். பெரிய அளவுகள் கடையில் எப்போதும் தயாராக நிற்கும். சின்னதை மட்டும் யாராவது கேட்டு வந்தால் ஒழியச் செய்வதில்லை. அது அவள் போட்ட சட்டம். "சின்னது சும்மா நிக்கக் கூடாது. நின்னா ஆள் தேடும்" என்பாள். அப்படிப்பட்டவள், வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் தையல் மிஷினை விடவில்லை. வயிறு மேசையில் இடிக்க ஆரம்பித்தபோது நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் திருகியிருந்தார்கள். ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தத் துணியத் தொடாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மாப்ள?"

"பிரஷர் ஏறினதுக்குத் துணி என்னத்த பண்ணும் அத்த?"

டாக்டர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். வழக்கமான பரிசோதனைக்கு என்று வந்தவளை, ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது, உடனே குழந்தையை எடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இன்னும் இரண்டு மாதம் உள்ளே இருக்க வேண்டியவன். வாய்தான் அத்தையிடம் நியாயம் பேசியதே தவிர, மனசு எப்போதோ அவர் கட்சியில் போய்ச் சேர்ந்திருந்தது. மிஷின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, இது என்னடா வீடு என்று அவனும் உள்ளுக்குள் கலங்கியிருப்பானோ என்றெல்லாம் யோசித்தேன். யோசிக்க நேரம் கிடைத்தால் மனுஷன் எதைத்தான் யோசிக்க மாட்டான்?

குழந்தைகள் டாக்டர் வெளியே வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், களைத்த முகம். "மூச்சு விடத்தான் கஷ்டப்படுறான். நுரையீரல் இன்னும் பக்குவப்படல. நாங்க செய்ய வேண்டியதச் செய்றோம். ரெண்டு மூணு நாள் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். பிழைப்பானா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவரே போகிற போக்கில், "அப்பா உள்ள போய்ப் பாக்கலாம். கைய நல்லாக் கழுவிட்டுத் தொடலாம். தொட்டா நல்லதுதான்" என்றார்.

நான் போகவில்லை. அந்த அறைக் கதவுவரை போனேன், அதுவும் பலமுறை. கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியாக உள்ளே பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. வரிசை என்றால் எங்கள் கடை வரிசையேதான், மூடி மட்டும் கண்ணாடி. எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் தொழிலில் இரண்டாம் தடவை பார்ப்பது, ஆளைப் பெட்டிக்குள் கிடத்தும்போதுதான். ஒரு தடவை பார்த்ததே போதும், இன்னொரு தடவை இந்தப் பாழாய்ப்போன கண் அவன்மேல் படக் கூடாது என்று திரும்பித் திரும்பி வந்தேன். அப்படித் திரும்பி வரும்போதுதான், பட்டறை மூலையில் சாத்தியிருந்த ஒரு துண்டுப் பலகை ஞாபகம் வந்தது. கணுவில்லாத நல்ல பலகை. பதினெட்டுக்குச் சரியாக வரும். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியச் சாப்பாட்டு வண்டி போன பிறகு என் மனைவியை வார்டுக்கு மாற்றினார்கள். எழுந்து உட்காரக்கூட முடியாது, நாளைக்குத்தான் நடக்கவிடுவார்கள் என்றார்கள். உதடு வெடித்திருந்தது. மாமியார் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அதில் ஒற்றிக்கொண்டிருந்தார். கடையில் பெட்டிக்கு அடியில் போடுகிற பஞ்சுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று தோன்றியது. தோன்றாமல் இருந்தால்தான் அதிசயம்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"யார மாதிரி இருக்கான்?"

"உன்ன மாதிரிதான்."

"முடி இருக்கா?"

குல்லாவுக்குள் என்ன இருந்ததென்று நான் எதைக் கண்டேன். "நெறைய" என்றேன். அவள் கண்ணை மூடியபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கும் தைரியம் வந்துவிட்டது. மூக்கு எடுப்பாக இருக்கிறது, விரல் நீளம் என்று இல்லாததையெல்லாம் அளந்து விட்டுக்கொண்டிருந்தேன். அவளும் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். நடுவில், மிஷினுக்குப் பின்னாலிருந்து வழக்கமாகக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"எவ்ளோ?"

"பதினெட்டு."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"நர்ஸம்மா பதினாறுன்னாங்களே."

"அவங்க அவசரத்துல அளந்திருப்பாங்கடி" என்றார் மாமியார், பஞ்சைப் பிழிந்துகொண்டே. "மாப்ள கண்ணு தப்புமா? ரெண்டு கூட இருக்கிறது நல்லதுதான?"

என் மனைவி அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். ஊசி குத்தியிருந்த கை விரிப்பை மெல்லச் சுருட்டிப் பிடித்தது.

"சேத்துட்டீங்களா?"

தரையைப் பார்த்தேன். கட்டிலின் சக்கரத்துக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது, அதன் அம்மா சும்மா இரு, சும்மா இரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தொல்லை வாய்த்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

"நான் தைக்க மாட்டேன்" என்றாள் என் மனைவி. குரல் உயரவில்லை. "சொல்லிட்டேன். நான் தைக்க மாட்டேன்."

"என்னடி தைக்கிற பேச்சு இப்ப?" என்றார் மாமியார். அவருக்கும் மெல்லப் புரிந்திருக்க வேண்டும், பஞ்சு வைத்திருந்த கிண்ணத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டார்.

"முடி இருக்குன்னதும் பொய்தான?"

"குல்லா போட்டிருந்துது."

அவள் கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போனது, துடைத்துக்கொள்ளவில்லை. நான் துடைக்கக் கை நீட்டியபோது தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போங்க. போய் மறுபடி பாத்துட்டு வாங்க. கண்ணால வேணாம். கையால அளந்துட்டு வாங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சேர்க்காம."

குழந்தைகள் அறை வாசலில் தொட்டி இருந்தது. முழங்கைவரை கழுவினேன். அங்கிருந்த நர்ஸ் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ கழுவுங்க சார்" என்றார். "இது பாலிஷ் கறைம்மா. தேய்ச்சாலும் போகாது" என்றேன். "தச்சு வேலையா?" "ஆமா." "அப்பப் பையனுக்குத் தொட்டில் நீங்களே செஞ்சிருவீங்க." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தொட்டில் செய்ததே இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அங்கியை மாட்டிக்கொண்டேன்.

என் மகனின் பெட்டியில் பக்கவாட்டில் இரண்டு வட்ட ஓட்டைகள் இருந்தன, கை நுழையும் அளவுக்கு. நான் செய்கிற பெட்டிகளில் அப்படி வைப்பதில்லை. நர்ஸ் ஒன்றைத் திறந்துவிட்டு, "மெதுவா. தடவக் கூடாது, கைய அப்படியே வைங்க" என்றார். உள்ளே கதகதப்பாக இருந்தது. அது எனக்குப் புதிது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கட்டைவிரல் குல்லாவின் விளிம்பைத் தேடிப் போனது. விளிம்புக்கு வெளியே மெத்தென்று ஏதோ பட்டது. முடி. அப்படியே மற்ற விரல்களை விரித்து, எடை விழாமல் அவன்மேல் சாண் வைத்தேன். விலா எலும்புகள் என் உள்ளங்கைக்குக் கீழே ஏறி இறங்கின. ஒன்று ஏறி, இறங்காமல் நின்றது. பக்கத்துக் கருவியில் மணி அடித்தது. நர்ஸின் செருப்புச் சத்தம் இரண்டடி வந்தது. பிறகு அது இறங்கியது, மணியும் நின்றது. நான் கையை எடுக்கவில்லை.

சாண் இடுப்புவரை வந்திருந்தது. சுண்டுவிரல் இருந்த இடத்தில் கட்டைவிரலை மாற்றி வைத்து, மீதியை அளக்க விரலை நீட்டினேன். குதிகாலைத் தொடப்போன சுண்டுவிரலை ஏதோ ஒன்று தள்ளியது. பலமே இல்லாத தள்ளல். இத்தனை வருஷத்தில் என் அளவுக்குள் யாரும் அசைந்ததில்லை. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். மடக்கியிருந்த காலை அவன் நீட்டினான், திரும்ப மடக்கினான், மறுபடி நீட்டினான், என் விரல் எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போயிற்று. கட்டைவிரலைக் கொண்டுபோய்க் குல்லாவின் விளிம்பில் வைத்து, மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பித்தேன்.