கூப்பிட்டதால் போனவள்

சலூன்காரர் வாயைத் திறந்தால் நாற்காலியில் உட்கார்ந்தவர் சிரிக்காமல் எழுந்திருக்க மாட்டார். உம்மென்று வருகிறவரையும் கன்னத்து நுரை காய்வதற்குள் பேச வைத்துவிடுவார். அந்த வித்தை வீட்டில் மட்டும் பலிக்கவில்லை. காலேஜுக்குப் போகும் ஒரே மகள், கேட்டால்தான் பதில் சொல்வாள். அதுவும் பாதிதான் காதில் விழும்.

அன்று முடி வெட்ட வந்த இரண்டு பையன்கள், ஞாயிற்றுக்கிழமை வகுப்பே சேர்ந்து அருவிக்குப் போவதைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். எந்தக் காலேஜ், எந்த வகுப்பு என்று விசாரித்தவரின் கத்தரி நின்றுவிட்டது. மகளின் வகுப்பேதான். அவள் வீட்டில் மூச்சே விடவில்லை.

"எம் பொண்ணும் உங்க கிளாஸ்தான் தம்பி" என்று பெயரைச் சொன்னார்.

பையன்கள் கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓ... அந்தப் பேசாத பொண்ணா அங்கிள்?"

"அவளையும் ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன். அவளா வந்து கேக்க மாட்டா."

மறுநாளே கூப்பிட்டார்கள். வீட்டில் அதை விசாரித்த அப்பாவின் முகத்தைப் பார்த்தபின் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஞாயிறு முழுக்க அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வந்தவளின் தலை நனையவே இல்லை.

"அருவியில குளிக்கலையாம்மா?"

"எல்லாரோட பையையும் பாத்துக்கிட்டேன்."

"பாத்துக்கச் சொன்னாங்களா?"

"நானாத்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன். சும்மா தனியா நின்னா ஒரு மாதிரி பாப்பாங்கல்ல?"

"நாலு பேரோட கலகலன்னு பேசிப் பழகணும்மா. நீ எதுல கொறஞ்சவ?"

"நான் பேச ஆரம்பிச்சா அவங்க போனை எடுத்துடறாங்கப்பா. பாதியில நிறுத்திடுவேன். நிறுத்தினதுகூட யாருக்கும் தெரியாது." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்கதான் கூப்பிடச் சொன்னீங்கன்னு பஸ்லயே சொல்லிட்டாங்க. உங்கப்பா செம ஜாலின்னாங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"உங்களுக்கு மட்டும் எப்படிப்பா வருது? முதல்ல என்ன சொல்லுவீங்க?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவரும் மண்டையைக் குடைந்து பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"அது... தானா வரும்மா."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. மகள் தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். சாப்பிடலாமா என்று கதவருகே போய்க் கேட்டார். பசிக்கவில்லை என்றாள். வேறென்ன கேட்பதென்று தெரியாமல் அவர் அங்கேயே நின்றார்.