துரைக்கு முதுகு காட்டிய வளைவு

1

ஜூன் மாதத்தில் ஒரு காலை, ஆறே முக்கால் மணி. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி பழுது. ஜன்னல் வழியே திருச்சிப் பக்கத்து ஓடத்துறைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சுவர்கள், தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணிகள். ஊர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு கட்டடமாவது ஆற்றைப் பார்த்து நிற்கட்டும் என்று தோன்றியது. பஸ் கிளம்புவதற்குள் கட்டிவிட்டேன்.

ஆகவே அந்த வளைவைத் தேடிப் போகாதீர்கள். ஓடத்துறை இருக்கிறது. வளைவு இந்தக் கதையில் மட்டும்தான்.

2

முதல் தொடக்கம்: "காவிரியின் தென்கரையில் காலத்தை வென்று கம்பீரமாக நிற்கும்

அடித்துவிட்டேன். இது சுற்றுலாத் துண்டறிக்கை.

இரண்டாவது: "யமுனாவின் கொள்ளுத்தாத்தா இந்த வளைவுக்குச் சுண்ணாம்பு சுமந்தபோது

இதுவும் வேண்டாம். யமுனா இந்த வளைவைச் சீரமைக்க வருபவள், அவ்வளவுதான். ஒன்றைப் பற்றிப் பெருமைப்பட இரத்த உறவு இருந்தாக வேண்டுமா?

3

செங்கல், சுண்ணாம்பு. நடுவில் பெரிய வளைவு, பக்கத்துக்கு ஒன்றாகச் சிறியவை. மேலே குட்டிக் கும்மட்டங்கள். ஆற்றுப் பக்கம் முழுக்கச் சுதை வேலை: கிரீடம் வைத்த இங்கிலாந்துச் சிங்கம், அதே உயரத்தில் நம்மூர் யாளி, இரண்டின் காலடியிலும் கெண்டை மீன்கள். தெருப் பக்கம் வெறும் பூச்சு. ஒரு பூ கூட இல்லை.

கவர்னர் துரையை வரவேற்கக் கட்டியது. அவர் தெருவழியாகச் சாரட்டில் வந்து, வளைவுக்குள் நுழைந்து, படித்துறையில் நின்று ஆற்றைப் பார்ப்பதாக ஏற்பாடு. மதராஸிலிருந்து வந்த வரைபடத்தில் ஒரு பக்கத்துக்கு முகப்பு என்று போட்டிருந்தது. திசை போடவில்லை. போடத் தேவையிருப்பதாக எந்த இன்ஜினியருக்கும் தோன்றியிருக்காது. துரை வரும் பக்கம்தானே முகப்பு?

எங்கள் ஊர்க் கொத்தனார்களுக்கும் சந்தேகம் வரவில்லை. அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், பெருமாள் தெற்கே பார்த்துப் படுத்திருக்கிறார். நடுவில் காவிரி ஓடுகிறது. இருவருக்கும் முதுகைக் காட்டி ஒரு முகப்பா?

துரை வந்தார். வெறும் சுவரைப் பார்த்தார்.

[கொத்தனார்கள் தெரியாமல் செய்ததாகத்தான் முதலில் எழுதியிருந்தேன். சிங்கமும் யாளியும் ஒரே உயரம் என்று எழுதிய பிறகு எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.]

4

இன்றைக்கு வருவோம். பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் யமுனா, சொந்தப் பெயரில் எடுத்திருக்கும் முதல் வேலை இந்த வளைவு. பொன்மலை ரயில்வே தொழிலாளர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அற்புதசாமி, வேலையைக் கொடுத்த அரசுத் துறையின் இன்ஜினியர். யமுனா சரி என்று சொன்னால்தான் சுவரில் எதையும் பூசலாம் என்பது ஒப்பந்தம். தெருப் பக்கச் சாரத்தில் கொத்தனார் காத்தமுத்து சிமென்ட் கலவையோடு காத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை மந்திரி வர்றாரு மேடம். ரோட்டுல வந்து இறங்கினதும் மொட்டைச் சுவரையா காட்டுறது? சிங்கம், யாளி எல்லாத்தையும் இந்தப் பக்கமும் ஒட்டிடுவோம். அச்சு ரெடி" என்றார் அற்புதசாமி.

"சுண்ணாம்புச் சுவர் சார். மேல சிமென்ட் போட்டா ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பிடும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள உப்பாதுல்ல?"

யமுனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இது பின்பக்கம் சார். துரைக்கே பின்பக்கத்தைத்தான் காட்டியிருக்காங்க."

"தப்பாக் கட்டிட்டாங்க. இப்பவாவது திருத்துவோமே."

"தப்புன்னு யாரு சொன்னா?"

"பொன்மலைக்காரங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? பொறக்கும்போதே யூனியன் கார்டோட பொறக்குறீங்க." சிரித்தவர் குரலைத் தணித்தார். "சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இது நடக்கலைன்னா துறை தர்றதா சொன்ன அடுத்த ரெண்டு கட்டடமும் உங்களுக்குக் கிடைக்காது. என் கையில இல்லைங்க."

அந்த இரண்டு கட்டடங்களை நம்பித்தான் அவள் பழைய வேலையை விட்டிருந்தாள்.

5

"செருப்பைக் கழட்டுங்க சார்."

"எதுக்கு?"

"முன்பக்கத்தை நீங்க இன்னும் பார்க்கவே இல்லை. போட்டோவுலதான் பார்த்திருக்கீங்க."

முக்கொம்பு அணையிலிருந்து தண்ணீர் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அற்புதசாமி முணுமுணுத்துக்கொண்டே பேன்ட்டை மடித்துவிட்டுப் படியிறங்கினார். முழங்கால் ஆழம் வந்ததும் யமுனா நிறுத்தினாள்.

"இப்ப திரும்புங்க."

ஜூன் மாதக் காலை வெயில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து வரும். வருஷத்தில் இந்தச் சில மாதங்கள்தான் வடக்கு முகத்தின் மேல் அது பக்கவாட்டில் படும். சிங்கம், யாளி, மீன்கள் எல்லாம் சுவரிலிருந்து ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றன.

(அற்புதசாமியின் கண்கள் கலங்கின

அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.)

"அந்த மீனுக்கு வாய் உடைஞ்சிருக்கே?"

"வெள்ளத்துல வந்த மரம் இடிச்சது. அப்படியே விட்டுட்டேன்."

"ம்." பார்வையை மேலே ஏற்றி, "சிங்கத்தைவிட யாளிக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்குல்ல?" என்றார்.

யமுனா அவரையே பார்த்தாள். தண்ணீருக்குள் கூன் போட்டு இறங்கியவர், தனக்கே தெரியாமல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

6

ஒரு முடிவில் மந்திரி பரிசலில் வருகிறார். எழுதிப் பார்த்தேன், பரிசல் நன்றாகச் சுற்றியது, கதை நகரவில்லை.

இன்னொன்றில் சிமென்ட் சிங்கம் தெருவைப் பார்க்கிறது. யமுனாவுக்கு இரண்டு கட்டடங்களும் கிடைக்கின்றன. பாலத்தில் பஸ் போகும்போது அவள் வளைவுப் பக்கம் திரும்பாமல் கைபேசியைப் பார்த்துக்கொள்கிறாள்.

மூன்றாவதில் வெறும் சுவர் வெறும் சுவராகவே நிற்க, மந்திரி காரிலிருந்து இறங்கி

தெரியவில்லை. வளைவைக் கட்டினேன், அந்தக் கொத்தனார்கள் விட்ட இடத்தில் நானும் விடுகிறேன். சுவர் இனி உங்களுடையது.

ஆற்றில் இருவரும் இன்னும் நிற்கிறார்கள். அற்புதசாமி யமுனாவைப் பார்க்கிறார். வளைவுக்கு அந்தப் பக்கம், சாரத்தின் மேலிருந்து, காத்தமுத்துவின் குரல் வருகிறது.

"ஏங்கம்மா, கலவை இறுகுதுங்க. பூசவா, கொட்டிடவா?"